மருந்து வீடு சேரும் வழி

நோயாளிகளை லட்சக்கணக்கிலும், அவர்களைக் கிடத்தி வைத்தியம் செய்வதற்குரிய கட்டில்களை ஆயிரக்கணக்கிலும் எண்ணவேண்டியிருந்த ஒரு தேசத்தில், க்ஷயரோகத்தைத் தீர்க்கவல்ல மருந்துகள் கைக்கு எட்டிய பிறகும், அம்மருந்துகளை நோயாளிக்கு எங்கே வைத்துக் கொடுப்பது என்ற கேள்வி வைத்தியர்களை நெடுநாள் கலங்கச் செய்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதனை ஒட்டியே ‘பாஸ்’ என்று சுருக்கி வழங்கப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் வந்தது. 1952இல் ஐசோனியசிட் வந்தது. யுகயுகமாக மனிதனை உருக்கிக் கொன்ற ஒரு வியாதிக்கு எதிராகப் பத்தாண்டுக்குள் மூன்று ஆயுதங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் அவற்றைப் பிரயோகிக்கும் களம் எது என்பதில் அபிப்பிராய பேதம் இருந்தது.

களம் சானடோரியம்தான் என்பது அக்காலத்து வைத்திய உலகின் உறுதியான நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய வைத்தியர் ஹெர்மன் பிரெமர் சைலீஷியாவின் மலைச்சாரலில் தொடங்கிவைத்த மரபு அது. தூய காற்று, பூரண ஓய்வு, பாலும் முட்டையுமாகப் புஷ்டியான உணவு, உற்றார் உறவினரின் கவலைகள் எட்டாத தூரம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் நுரையீரலின் புண் ஆறும் என்று ஐரோப்பா முழுவதும் நம்பிற்று. அந்நம்பிக்கையின் வழியே 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார்; இன்றும் சென்னையின் மின்சார ரயில் அப்பெயர் தாங்கிய நிலையத்தில் நின்று செல்கிறது. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி. வீடு நோயின் பிறப்பிடம். குழந்தைகளுக்கு நோயைப் பரப்பும் இடம். ஓய்வைக் குலைக்கும் இடம். இப்படி வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தது அன்றைய வைத்திய சாஸ்திரம். அந்தக் குற்றச்சாட்டை மெய்தானா என்று முறைப்படி விசாரித்தவர் மட்டும் எவரும் இல்லை.

அந்த விசாரணை சென்னையில் நடந்தது. 1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை ராஜ்ய சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடிச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் அதன் தலைமையை ஏற்றார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த 193 நோயாளிகளை, வைத்தியரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ குறுக்கிடாதபடி தற்செயல் முறையில் இரு பிரிவாக வகுத்து, ஒரு பிரிவினரை ஓராண்டுக் காலம் சானடோரியத்தில் வைத்தும், மற்றப் பிரிவினரை அவரவர் குடிசையிலும் ஒற்றை அறை வீட்டிலும் இருக்கவிட்டும், இரு சாராருக்கும் ஒரே மருந்துகளை, அதாவது பாஸையும் ஐசோனியசிடையும், ஒரே அளவில் கொடுத்துப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. இவ்வளவு எளிய கேள்வியை இவ்வளவு நேர்மையாகக் கேட்ட பரிசோதனைகள் வைத்திய சரித்திரத்திலேயே அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

சானடோரியத்தில் இருந்தவருக்கு எல்லா அனுகூலங்களும் வாய்த்திருந்தன. வேளாவேளைக்கு நல்ல உணவு, படுக்கை, தாதியரின் பராமரிப்பு, கண்ணெதிரே விழுங்கவைக்கப்படும் மருந்து எதற்கும் குறைவில்லை. வீட்டில் இருந்தவருக்கோ குறைந்த உணவு, நெருக்கடியான இடம், சிறிது தெம்பு வந்ததும் கூலிவேலைக்குப் போக வேண்டிய நிர்ப்பந்தம். எடை ஏறியதும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கே அதிகம். ஆயினும் ஆண்டின் முடிவில் சளியைச் சோதித்து நோய் அடங்கியவர்களைக் கணக்கிட்டபோது, சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் தேறியிருந்தார்கள். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பொருட்படுத்தத் தக்கதென்று புள்ளிவிவர சாஸ்திரம் ஒப்பாது. ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை தென்படவில்லை. எல்லோரும் அஞ்சிக்கொண்டிருந்த இன்னொரு விஷயம் உண்டு; நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் உறங்கிய மனைவிக்கும் மக்களுக்கும் நோய் பரவுமே என்பது அது. நோயாளி சானடோரியத்துக்குப் போன குடும்பங்களைவிட, நோயாளி வீட்டிலேயே தங்கிய குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவவில்லை என்றே தெரியவந்தது. நோய் தொற்ற வேண்டியவர்களுக்கு அது கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே சென்றதும் தொற்றும் வேகம் விரைவில் தணிந்துவிடுகிறது.

ஓராண்டுச் சிகிச்சையின் முடிவுகள் 1959இல் வெளியாயின. அதன்பின் உலகத்துச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகத் தம் தொழிலை மாற்றிக்கொண்டன. சென்னையின் குடிசைவாசிகள் சிலர் மாத்திரை விழுங்கியதன் பயனாக, நார்வேயிலும் இங்கிலாந்திலும் பிறந்த நோயாளிகள்கூடத் தம் வீட்டைவிட்டுப் பிரியாமல் குணமடையும் காலம் வந்தது என்பதை நம்மவர் இன்னும் உரிய பெருமிதத்தோடு சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் இந்த ஆராய்ச்சியின் முடிவை “வீடே போதும், மருந்துச் சீட்டை நீட்டினால் வேலை முடிந்தது” என்று வாசித்தால் அதன் சாரத்தைத் தவறவிட்டவராவோம். அங்கே நடந்ததைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். நோயாளி வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் செல்வார். பாஸ் என்பது நாளொன்றுக்குப் பத்துக் கிராம் அளவுக்கு விழுங்கவேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைக் கலக்கும், பசியைக் கெடுக்கும். இருமல் நின்று உடம்பில் சற்றுத் தெம்பு கண்டதும் அதை ஒதுக்கிவிட மனம் தூண்டுவது இயல்பே. ஆகையால் நிலையத்தின் ஊழியர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போவார், வாசலில் அமர்வார், மிச்சமிருக்கும் மருந்தை எண்ணுவார், சிறுநீரை ஒரு குப்பியில் வாங்கி வருவார். அதில் பாஸ் இருந்தால் ஃபெரிக் குளோரைடு சேர்த்தவுடன் நிறம் மாறும். மருந்து வயிற்றுக்குப் போயிற்றா, கூரை இடுக்குக்குப் போயிற்றா என்பதை அந்த நிறம் சொல்லிவிடும். நிறம் மாறாத நாட்களும் இருந்தன. அப்போது ஊழியர் என்ன செய்தார் என்பதில்தான் வைத்தியத்தின் பாதி அடங்கியிருந்தது. மனைவியை அழைத்துப் பேச வேண்டும். தாயாரை நயந்து சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் நேரத்தை அறிந்து வருகையின் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டார் பார்வையில் நோயாளி கூசிக் குறுகாதபடி நடந்துகொள்ள வேண்டும். இவற்றில் ஒன்றையும் எந்த மருந்துக் கம்பெனியும் சீசாவில் அடைத்துத் தர முடியாது. பின்னாளில் அந்நிலையமே, வாரத்துக்கு இரண்டுமுறை நோயாளியை வரவழைத்து ஊழியர் எதிரிலேயே மருந்து கொடுக்கும் முறையை வகுத்துச் சோதித்தது. நேரில் பார்த்துக் கொடுக்கும் சிகிச்சை என்று இன்று உலகமெங்கும் வழங்கும் முறையின் வேர்கள் சேத்துப்பட்டில் இருக்கின்றன.

நோயாளி மருந்தை நிறுத்திவிட்டால் “அறியாமை” என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லிவிடுவது படித்தவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. இந்தச் சொல்லைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் பெங்களூரில் 1959இல் அமைந்த தேசிய க்ஷயரோக நிலையத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும். மைசூர் ராஜ்யத்தின் கிராமங்களில் க்ஷயரோகம் உள்ளவர்களைத் தேடிக் கண்டு, அவர்களுக்குத் தம் நோயின் குறிகள் தெரியுமா, தெரிந்தால் என்ன செய்தார்கள் என்று அவர்கள் விசாரித்தார்கள். பெரும்பாலோர் தம் உடம்பில் ஏதோ கோளாறு என்பதை உணர்ந்திருந்தார்கள். அதைப் பற்றிக் கவலையும் கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், யாரும் அழைக்காமல் தாமாகவே, நடந்தும் வண்டி கட்டிக்கொண்டும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்றும் வந்திருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சீசா இருமல் மருந்து. சளியைச் சோதிக்க யாரும் முனையவில்லை. அறியாமை யாரிடம் இருந்தது என்று இந்த ஆராய்ச்சியைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் என் மனம் கேட்கிறது. நோயாளி தன் கடமையைச் செய்துவிட்டான். ஒரு நாள் கூலியை இழந்து, வெயிலில் நின்று, மேசைக்கு எதிரே கைகட்டிக் காத்திருந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லித் திரும்பியிருக்கிறான். அரை நிமிஷத்தில் அவனை அனுப்பிவிட்டவர்கள் கைநாட்டுக்காரர்கள் அல்லர். 1962இல் தேசிய க்ஷயரோகத் திட்டம் வகுக்கப்பட்டபோது, இருமலோடு சாதாரண ஆஸ்பத்திரிக்கு வருபவரின் சளியை அங்கேயே சோதிப்பது என்ற ஏற்பாட்டுக்கு இந்த ஆராய்ச்சி ஆதாரமாயிற்று.

நோயின் வேரைக் கிருமியில் மட்டும் தேடாமல் ஊரின் நிலைமையிலும் தேட வேண்டும் என்று முதன்முதலில் உரத்துச் சொன்னவர்களுள் ஒருவர் ருடால்ஃப் விர்ஹோ. 1848ஆம் ஆண்டு அவருக்கு வயது இருபத்தாறு. மேற்சைலீஷியாவில் டைஃபஸ் ஜுரம் உயிர்களைக் கொள்ளைகொள்கிறதென்று பிரஷ்ய சர்க்கார் அவரை அனுப்பிற்று. போலிஷ் மொழி பேசும் ஏழைக் குடியானவர்களும் நெசவாளரும் வாழ்ந்த பிரதேசம் அது. உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடிய சமயம். சில வாரங்களே அங்கே தங்கிப் பிணங்களை அறுத்துப் பார்த்ததோடு நில்லாமல், குடிசைகளுக்குள் குனிந்து நுழைந்து, ஜனங்கள் என்ன உண்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள், வரி எவ்வளவு கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் விசாரித்து அவர் எழுதிய அறிக்கை, மேலதிகாரிகள் எதிர்பார்த்த மருந்துப் பட்டியலாக அமையவில்லை. அந்த ஜனங்களுக்குத் தம் மொழியில் கல்வியும், தம் காரியங்களைத் தாமே நடத்தும் ஜனநாயக உரிமையும், நியாயமான வரியும், சாலைகளும், விவசாய அபிவிருத்தியும் வேண்டும் என்று அவர் எழுதினார். பெர்லினுக்குத் திரும்பிய சில நாட்களில் மூண்ட மார்ச் புரட்சியில் அவரும் தெருத் தடைகளில் நின்றார். இவ்வளவும் செய்தவர்தான் பிற்காலத்தில் உயிரணுக்களின் நோய்த் தத்துவத்தை நிறுவி நவீன நோய்க்குறியியலின் பிதாவாகப் போற்றப்பட்டவர். உயிரணுவைக் கவனித்த அதே கண்தான் வரிச்சுமையையும் கவனித்தது என்பதை வைத்தியக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டும்.

சைலீஷியாவின் துயரத்தைப் பஞ்சத்தின் கணக்கில் எழுதிவிடலாம்; பசியும் அழுக்கும் நோயைத் தரும் என்பதை மறுப்பவர் யார்? வறுமையே இல்லாத இடத்தில், வைத்தியம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில், அந்தஸ்து மட்டும் மனிதர் ஆயுளை வேறுபடுத்துமா என்பதே கடினமான கேள்வி. அதற்கு விடை லண்டனில் கிடைத்தது. வைட்ஹால் என்பது பிரிட்டிஷ் சர்க்காரின் காரியாலயங்கள் நிறைந்த வீதி. 1967இல் தொடங்கி அங்கே பணியாற்றிய 17,000க்கு மேற்பட்ட ஆண் ஊழியர்களைச் சோதித்து, அவர்களுடைய ஆயுளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மைக்கேல் மார்மட்டும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டுக் கண்டது இது: உத்தியோகப் படியில் கீழே இருந்த பியூன்களும் வாயில்காப்போரும், மேலே இருந்த நிர்வாக அதிகாரிகளைப் போல மும்மடங்குக்கு மேல் இருதய வியாதியால் இறந்தார்கள். அதனினும் விசேஷம், இந்த ஏற்றத்தாழ்வு இரு கோடிகளில் மட்டும் இருக்கவில்லை என்பது. உச்சியில் இருந்த அதிகாரியைவிட அவருக்கு அடுத்த படியில் இருந்தவருக்கு ஆபத்து அதிகம். அவரைவிடக் குமாஸ்தாவுக்கு அதிகம். குமாஸ்தாவைவிடப் பியூனுக்கு அதிகம். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வோர் ஆயுள்.

“பொறுப்புச் சுமக்கிறவருக்குத்தான் நெஞ்சுவலி வரும்” என்று நாம் எல்லோரும் சொல்லி வருகிறோம். பெரிய உத்தியோகஸ்தரின் கவலை பெரிது, சிற்றூழியனின் வாழ்வு நிம்மதியானது என்பது பழைய நம்பிக்கை. வைட்ஹால் அதைப் பொய்யாக்கிற்று. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் வேற்றுமையின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆராய்ச்சி பெண்களையும் சேர்த்து 10,308 பேரைக் கவனித்தபோது, தன் வேலையைத் தன் மனப்படி திட்டமிட்டுச் செய்யும் அதிகாரம் யாருக்குக் குறைவோ அவர்களுக்கு இருதய வியாதி அதிகம் என்பது புலப்பட்டது. வேலை மிகுதியால் மட்டும் மனிதன் தேய்ந்துபோவதில்லை. நாள்தோறும் இன்னொருவர் மணியடிக்கக் காத்திருந்து, அவர் முகம் பார்த்து எழுந்து, காரணம் தெரியாமல் கண்டிக்கப்பட்டு, பதில் சொல்ல வாயில்லாமல் வீடு திரும்பும் வாழ்வு உடம்பை அரிக்கிறது. ஆபத்து வரும்போது உடம்பை உஷார்ப்படுத்தும் கார்ட்டிசால் முதலிய சுரப்புகள், ஓடவேண்டிய சிறிது நேரத்துக்காக அமைந்தவை. அவை ஓயாமல் சுரந்துகொண்டே இருந்தால் இரத்த அழுத்தம் உயர்கிறது, சர்க்கரை நிலைகுலைகிறது, இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. அவமானம் மனத்தோடு நின்றுவிடுவதாக இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உறவின் பலத்தைத் தனியே அளந்து பார்த்தவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் அலமேடா வட்டாரத்தில் 1965இல் விசாரிக்கப்பட்ட 6,928 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து, மனைவி மக்கள், நண்பர், சுற்றத்தார், கோயில், சங்கம் என்ற பிணைப்புகள் எவருக்கு எவ்வளவு என்று லிசா பெர்க்மனும் லியனார்ட் சைமும் கணக்கெடுத்தார்கள். பிணைப்பு மிகக் குறைந்தவர்கள், மிக நிறைந்தவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள் என்று 1979இல் வெளியிட்டார்கள். புகைப்பதும் குடிப்பதும் இதற்கு முழுக் காரணமாகவில்லை. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒருவர், “இந்த இருமலை இப்படியே விடக்கூடாது, எழுந்திரு, நான் கூட வருகிறேன்” என்று சொல்ல ஒருவர், ஆஸ்பத்திரி வரிசையில் மாற்றாள் நிற்க ஒருவர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஆயுளின் கணக்கில் சேரத்தான் செய்யும்.

வேல்ஸ் தேசத்துச் சுரங்கக் கிராமம் ஒன்றில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எடுத்துக்காட்டியபடி, நல்ல வைத்தியம் எங்கே மிக அவசியமோ அங்கேதான் அது மிக அரிதாகக் கிடைக்கிறது. சந்தையின் போக்கில் விட்டுவிட்டால் இந்த விபரீதம் இன்னும் மோசமாகிறது. இந்த விதியை எதிர்த்து நின்றவர்களுள் நம் நாட்டில் நான் மிகவும் மதிக்கும் இருவர், மகாராஷ்டிரத்து ஜாம்கேட் கிராமப் பகுதிக்கு 1970இல் சென்று குடியேறிய ரஜனிகாந்த் ஆரோளேயும் மேபல் ஆரோளேயும். கணவனும் மனைவியுமான இவ்விரு வைத்தியர்களும் முதலில் பயிற்சி பெற்ற தாதியரைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்தத் தாதியரிடம் கிராமம் ஒட்டவில்லை. அவர்களும் அங்கே தங்கவில்லை. பிறகு அந்தந்தக் கிராமமே தேர்ந்து கொடுத்த பெண்களைப் பயிற்றுவித்தார்கள். அவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். பலர் தீண்டாமையின் கொடுமையை அனுபவித்த ஜாதிகளைச் சேர்ந்தவர்கள். பிரசவம் பார்ப்பதும், வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதும், தொழுநோயின் தேமலை அடையாளம் காண்பதும் இவர்கள் கைவந்த வித்தைகளாயின. குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறு போடும்போது அதைத் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பில் போட ஏற்பாடு செய்தார்கள். ஊரார் அனைவரும் அங்கே வந்து குடம் நிரப்ப வேண்டியதாயிற்று. சுத்தமான நீர் வயிற்றுப்போக்கைக் குறைத்தது. அந்த வரிசையில் நின்றதோ வேறொரு நோயின்மேல் வேலை செய்தது. ஒரு பெண் தன் ஜாதியின் காரணமாகத் திண்ணைக்குக் கீழே நிறுத்தப்படும் வரையில், அவள் கையால் மருந்து வாங்கிக் குடிப்பவர் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்?

மீண்டும் க்ஷயரோகத்துக்கு வருவோம். சேத்துப்பட்டு விட்டுவைத்த ஒரு கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. நல்ல மருந்து ஒழுங்காக உள்ளே போனால் குறைந்த உணவு உண்பவரும் குணமடைவார் என்று அந்த ஆராய்ச்சி காட்டிற்று. இதைச் சிலர், உணவுக்கும் இந்நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று திரித்துக்கொண்டார்கள். குணமாவது வேறு, நோய் வராதிருப்பது வேறு. க்ஷயக் கிருமி உள்ளே புகுந்தவர் அனைவருக்கும் நோய் வருவதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. மற்றவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் கட்டிப்போட்டு வைக்கிறது. வித்து எங்கும் விழுகிறது, விளைவது நிலத்தைப் பொறுத்தது என்று பழைய வைத்தியர்கள் சொன்னது சரியே. புரதமும் கலோரியும் போதாத உடம்பில் கிருமியைக் கட்டிக்காக்கும் வெள்ளணுக்கள் வலுவிழக்கின்றன, கட்டு அவிழ்கிறது. இங்கிலாந்தில் க்ஷயரோக மரணங்கள், ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே படிப்படியாகக் குறைந்து வந்தன என்பதைத் தாமஸ் மெக்கியூன் எடுத்துக்காட்டி, நல்லுணவே அதற்குத் தலையாய காரணம் என்று வாதித்தார். சுகாதாரச் சீர்திருத்தங்களுக்கு அவர் உரிய பங்கு தரவில்லை என்று பின்வந்தோர் மறுத்ததும் நியாயமே. ஆயினும் உணவு கொடுத்துப் பார்த்து, நோய் குறைகிறதா என்று எவரும் பெரிய அளவில் சோதித்துக் காட்டாதவரை அது வாதமாகவே நின்றது.

சோதித்துக் காட்டியவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியர். சேத்துப்பட்டு நிலையம் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் இயங்குகிறது; அதுவும் இந்த வேலையில் பங்குகொண்டது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த பரிசோதனை இது. 2,800 நோயாளிகளும், அவர்கள் வீடுகளில் கூட வாழ்ந்த 10,345 பேரும் இதில் சேர்ந்தார்கள். வீட்டாரில் மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடியினர். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் பால்பொடியும் எண்ணெயும் அடங்கிய உணவுப்பை கொடுக்கப்பட்டது. வீடுகளை இரு பிரிவாக வகுத்து, ஒரு பிரிவில் மட்டும் கூட வாழ்ந்தவர்களுக்கும் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் நம் வீடுகளைப் பற்றிய ஞானம் தெரிகிறது. ஒரே அடுப்பில் வேகும் உலையிலிருந்து நோயாளிக்கென்று தனியாக ஒரு பிடி எடுத்து வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? நோயாளி தாயாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தன் பங்குப் பருப்பு பிள்ளையின் தட்டுக்குப் போய்விடும். உணவைத் தனிமனிதனின் மருந்தாக எண்ணித் திட்டமிடுகிறவர்கள் இதை ஒழுங்கீனமாகக் காண்பார்கள். இதையே குடும்பத்தின் தர்மமாகக் கண்டவர்கள், பை வீட்டுக்கே உரியது என்று வைத்தார்கள். 2023இல் முடிவு வெளியானபோது, வீட்டார் அனைவருக்கும் உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக க்ஷயம் கண்டவர்கள், மற்றக் குடும்பங்களைவிட நூற்றுக்கு 39 வீதம் குறைவு. தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் க்ஷயம் 48 வீதம் குறைவு. எந்தப் புதிய தடுப்பூசியும் இப்படி ஒரு பலனைக் கொடுத்திருந்தால் பத்திரிகைகளின் முதற்பக்கத்தை நிறைத்திருக்கும். நோயாளிகளிடையிலும், முதலிரண்டு மாதங்களில் எடை நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறியவர்களுக்கு மரண அபாயம் வெகுவாகக் குறைந்திருந்தது.

சர்க்கார் 2018 முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாய் உணவுக்கென்று வங்கிக் கணக்கில் செலுத்தி வந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் கணக்கு இல்லாத கூலிக்காரருக்கும், கணக்கு இருந்தும் புருஷன் கையில் புத்தகம் இருக்கும் பெண்ணுக்கும், நோய் வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணம் நின்றுபோகும் என்றஞ்சிப் பதிவேட்டில் பெயர் கொடுக்கத் தயங்குகிறவருக்கும் அந்தப் பணம் போய்ச் சேர, சேத்துப்பட்டு ஊழியரைப் போல வாசலில் வந்து உட்காரும் ஒருவர் இன்றும் தேவைப்படுகிறார். ஜார்க்கண்டில் அந்தப் பைகளைக் காட்டுப்பாதைகளின் வழியே, கொரோனாக் காலத்து ஊரடங்கின் நடுவிலும் வீடு கொண்டு சேர்க்க வேண்டியிருந்தது. அந்த ஆராய்ச்சியாளர்களின் கணக்குப்படி முப்பது வீடுகளுக்கு, அதாவது ஏறத்தாழ 111 பேருக்கு, அரிசியும் பருப்பும் கொடுத்தால் ஒருவருக்கு க்ஷயம் வராமல் தடுக்கலாம். அந்த முப்பது வீடுகளில் அந்த ஒருவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லாததால், முப்பது வீடுகளுக்கும் பை போக வேண்டும்.